பாலத்துக்காகப் பேசியவள்

ஓர்ஸ் ஹில், திருகோணமலை
24.06.2025

அன்புள்ள குணேஸ் மச்சாளுக்கு,

நிரோஜினி எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கைபேசியில் என் இலக்கத்தை நீங்கள் மறித்து நான்கு வருடமாகிறது. அதனால்தான் கடிதம். உங்கள் நண்டுப் பெட்டிகளை ஏற்ற இலங்கைத்துறைக்கு வரும் முனீபின் லொறியில் கொடுத்து விடுகிறேன்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் எனக்குப் போதாது போலிருக்கிறது. மாவட்டப் பட்டிமன்றப் போட்டியில் எங்கள் அணி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. அணித் தலைவி நான். பன்னிரண்டு வருடமாக நடக்கும் போட்டியில் ஒரு பெண் தலைமை தாங்கி இறுதிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. வேலை செய்யும் கந்தோரில் எல்லோரும் கை குலுக்கினார்கள். 

நேற்றுத் தலைப்பு அறிவித்துச் சீட்டுக் குலுக்கினார்கள். "ஒரு சர்வாதிகாரியின் பொருளாதாரச் சாதனைகள் அவன் செய்த கொடுமைகளுக்கு ஈடாகுமா?" இதுதான் தலைப்பு. நான் எடுத்த துண்டில் "ஈடாகும்" என்றிருந்தது.

எதிரணித் தலைவர் கிண்ணியா கலீலுர் றஹ்மான் சேர். ஓய்வுபெற்ற அதிபர். துண்டை எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உங்கட வீட்டுக் கதை எனக்குத் தெரியும். வேணுமெண்டா மாத்துவம்" என்றார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை, மச்சாள். "வேணாம் சேர், இதிலேயே உங்களை வெல்லுறன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தர்சன் அண்ணாவின் முகம் நினைவுக்கு வந்தது.

எங்கள் நாட்டுத் தலைவர் யாருடைய பெயரையும் சொல்லக்கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஆனாலும் மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் யாரை நினைக்க வேண்டும் என்று தெரியும். அதனால் என் பேச்சில் ஒரு பாலம் இருக்க வேண்டும். போர் முடிந்ததும் அந்த ஆட்சி உங்கள் ஊர்த் துறையில் கட்டிய பாலம்தான். முன்பு அந்தத் துறையில் அக்கரைக்கு ஆள் ஏற்றும் பாதைப் படகுக்கு நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், எத்தனை மணிக்குப் படகு நிற்கும், மழைக்கு என்ன செய்தீர்கள், எல்லாம் எழுதுங்கள். போட்டி ஜூலை பத்தொன்பது, சனிக்கிழமை.

கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
நிரோ

*

இலங்கைத்துறை
27.06.2025

நிரோஜினி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. "நீங்க வாசிச்சு முடியுமட்டும் நிரோ அக்கா என்னை நிக்கச் சொன்னவ" என்று முனீப் வாசலில் நின்றான். அவனை அனுப்பிவிட்டுத்தான் பிரித்தேன்.

நான்கு வருடத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பாதைப் படகுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பது. சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் திகதி உங்கள் அண்ணன் அந்தத் துறையில் வரிசையில் நின்றார். பகல் பதினொரு மணி. மகள் யதுர்ஷாவுக்கு ஒரு வயதும் ஆகவில்லை. இரண்டு பேர் வந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனதாக ஊரில் கதை. கதை மட்டும்தான். அன்று வரிசையில் எழுபது பேர் நின்றார்கள். பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. பொலிஸுக்குப் போனேன், முகாமுக்குப் போனேன், பதினெட்டு வருடத்தில் மூன்று ஆணைக்குழுவுக்கு முன் இருந்தேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். "அறியத் தருவோம்."

நான் இப்படி அலைந்துகொண்டிருக்கும்போதுதான் நீங்களும் மாமியும் சேர்ந்து அவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கப் படிவம் நிரப்பினீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அவரைக் கொண்டுபோன காலத்துக்கு வக்காலத்து வாங்கப் போகிறீர்கள். அதற்கு மட்டும் என்னிடம் விபரம் கேட்கிறீர்கள்.

பேசுங்கள். நன்றாகப் பேசக்கூடியவர்தானே. எனக்கு இனிக் கடிதம் வேண்டாம்.

குணேஸ்வரி

*

ஓர்ஸ் ஹில்
30.06.2025

மச்சாள்,

வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இது ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தைக் கந்தோரில் வைத்து வாசித்தேன். பிறகு கழுவுமிடத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். "அவர்களுக்கு" என்று நீங்கள் போட்டிருந்ததைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். அம்மா கேட்டதால் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அம்மாவுக்குத் தன் மகனுக்கு ஒரு திவசமாவது செய்துவிட்டுச் சாக வேண்டும் என்றிருந்தது. எனக்கோ களைத்துவிட்டது, மச்சாள். ஒவ்வொரு முறை வாசல் கேற் திறக்கிற சத்தம் கேட்கும்போதும் எழும்பிப் பார்ப்பது களைத்துவிட்டது. அதை ஒரு தாளோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். உங்களிடம் கேட்டால் மறுப்பீர்கள் என்று தெரியும். தெரிந்துதான் கேட்காமல் விட்டேன். அதுதான் பிழை. அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்து பந்தலின் அந்தப் பக்கம் நின்றீர்களே, அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். கால் வரவில்லை.

பட்டிமன்றத்திலிருந்து விலகுகிறேன். எங்கள் அணியில் இருக்கிற இராசையா அண்ணையிடம் சொல்லிவிட்டேன். மனுஷன் கதிரையிலிருந்து எழும்பியே விட்டார். "அப்ப றிஷானாவைத் தலைவியாப் போடவேண்டியதுதான். பிள்ளை பாவம், நடுங்கிப்போடும்" என்றார். நடுங்கட்டும். அண்ணாவை விற்று வாங்குகிற கைதட்டல் எனக்கு வேண்டாம்.

உங்கள்
நிரோ

*

இலங்கைத்துறை
02.07.2025

நிரோ,

யார் உன்னை விலகச் சொன்னது?

நான் கோபத்தில் எழுதினால் நீ உடனே பெட்டியைக் கட்டிவிடுவாயா? உன் அண்ணனும் இப்படித்தான், ஒன்று சொன்னால் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். இன்றைக்கே இராசையாவிடம் போ. தலைவி நான்தான் என்று சொல்.

உன் கடிதம் வந்த அன்று பின்னேரம் மூதூரிலிருந்து வியாபாரி பரீதா நண்டு எடுக்க வந்தார். பத்து வருடப் பழக்கம். நல்ல மனுஷி. பெட்டிக்கு ஐஸ் போட்டுக்கொண்டே, "என்ன சொன்னாலும் புள்ள, பாலம் போட்டுத் தந்தாங்களே" என்று தொடங்கினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஐஸ் விலையைக் கதைக்கத் தொடங்கிவிட்டார். நிரோ, எனக்கு அந்த நிறுத்தம்தான் ஆகாது. பதினான்கு வருடமாக என் முன்னால் எல்லோரும் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். நான் அப்பால் போனதும் மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறார்கள். முகத்துக்கு நேரே ஒருவராவது சொன்னால்தானே நான் பதில் சொல்லலாம்? மோட்டார் சைக்கிளில் போகும்போது எனக்கு நானே வாதாடிக்கொண்டு போகிறேன். எதிரில் ஆளில்லாத வாதம்.

நீ சொல். மைக்கில் சொல். அவர்கள் அரைகுறையாக முணுமுணுப்பதை நீ முழுதாக, திறமாகச் சொல். நான் வந்து கேட்கிறேன்.

விபரம் கேட்டாயே, எழுதிக்கொள். நல்ல நாளில் ஒரு மணித்தியாலம், வெள்ளம் வந்தால் மூன்று நாள். ஆறு மணிக்குப் படகைக் கட்டிவிடுவார்கள். பிடித்த மீனில் பாதி அந்தக் கரையிலேயே பழுதாகும். பிள்ளைத்தாய்ச்சிகளை வள்ளத்தில் படுக்கவைத்துக் கொண்டுபோவோம்.

இன்னொன்று. இதை நீ சொல்லாவிட்டால் உன் பேச்சில் உப்பு இராது. பாலம் திறந்த அடுத்த வருடம் யதுர்ஷாவைப் புடையன் பாம்பு கடித்தது. ஆறு வயது. பொழுது படுகிற நேரம், ஆறரை இருக்கும். ஒரு ஆட்டோவில் போட்டுப் பாலத்தால் மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நாற்பது நிமிடம். "இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் ஏலாது" என்று டொக்டர் சொன்னார். பாதைப் படகுக் காலமென்றால் பிள்ளை அந்தக் கரையிலேயே முடிந்திருக்கும். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. என் மனிசனைக் கொண்டுபோன இடத்தில் நிற்கிற பாலம்தான் என் மகளைத் தந்தது. இதை வைத்துக்கொண்டு உன்னால் வெல்ல முடியாவிட்டால் நீ என்ன பேச்சாளி?

எனக்கு முன்வரிசையில் ஒரு கதிரை பிடி.

குணேஸ் மச்சாள்

*

ஓர்ஸ் ஹில்
12.07.2025

என் மச்சாளுக்கு,

"நிரோ" என்றும் "நீ" என்றும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு வந்தேன்.

பத்து நாளாக வேறு வேலையே இல்லை. கந்தோர் முடிய இராசையா அண்ணை வீட்டுக்கு ஓட்டம். அவர் புள்ளிவிபரம், றிஷானா நகைச்சுவை, நான் தொடக்கமும் முடிவும். நேற்றுப் பயிற்சியில் ஒரு வாதம் வந்தது பாருங்கள். "அந்தக் காலத்து அரசன் கட்டிய கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைந்த சோற்றை இன்று மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அந்தக் குளக்கட்டுக்கு மண் சுமந்தவர்களின் முதுகில் எத்தனை தழும்பு என்று கேட்டுவிட்டா சோற்றில் கை வைத்தீர்கள்?" என்று கேட்டேன். அதிலிருந்து நேரே பாலத்துக்குப் போனேன். பாலத்திலிருந்து யதுர்ஷாவுக்கு. பெயர் சொல்லவில்லை, "ஒரு தாய்" என்று மட்டும் சொன்னேன். முடித்தேன். றிஷானா கைதட்ட மறந்துபோய், "அக்கா, அப்ப நாங்கள் சொல்லுறது சரிதானோ?" என்று கேட்டாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது, மச்சாள். ஏனென்றால் அந்த நேரம் எனக்கும் சரியென்றுதான் இருந்தது. அதைவிட மோசம் என்னவென்றால், சந்தோஷமாக இருந்தது. ஒரு வாதம் நன்றாக வந்து பொருந்தும்போது வருகிற சந்தோஷம், அது எதற்காக வாதாடுகிறோம் என்று பார்க்காது போலும்.

இரண்டாம் வரிசையில்தான் கதிரை கிடைத்தது. மூன்று மணிக்குத் தொடக்கம். பேச்சு முடிந்ததும் சபையிலிருந்து கேள்வி கேட்க இருபது நிமிடம் விடுகிறார்கள். கேள்விக்குத் தலைவர்கள் ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். இதைச் சும்மா சொல்கிறேன்.

வருவீர்கள்தானே?

நிரோ

*

ஓர்ஸ் ஹில்
20.07.2025

மச்சாள்,

தீர்ப்புச் சொல்ல முன்னரே உங்கள் கதிரை வெறுமையாக இருந்தது. உங்களுக்குத் தெரியாதென்றால் சொல்கிறேன். நாங்கள் வென்றோம். கோப்பை மேசையில் இருக்கிறது. ஒரு துண்டால் மூடி வைத்திருக்கிறேன்.

மேடைக்குப் பயந்துகொண்டுதான் ஏறினேன். பிறகு றஹ்மான் சேர் தொடங்கினார். "சர்வாதிகாரி றோட்டுப் போடுறது எங்களுக்கில்ல, தன்ட வாகனம் குலுங்காமப் போறதுக்கு" என்றதும் மண்டபம் சிரித்துக் குலுங்கியது. அந்தச் சிரிப்பு என்னை உசுப்பிவிட்டது. நான் எழும்பியதும் பயமெல்லாம் போய்விட்டது. குளத்தைச் சொன்னேன், பாதைப் படகைச் சொன்னேன், பாம்பு கடித்த பிள்ளையைச் சொன்னேன். ஒரு பொட்டு வழுக்கவில்லை. கைதட்டு ஓய நடுவர் தங்கரத்தினம் ஐயா மணியை இரண்டு தரம் அடிக்க வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. உங்களை அந்த வேளை நான் பார்க்கவேயில்லை. பொய் சொல்லவில்லை, யாரையும் பார்க்கவில்லை.

பிறகு கேள்வி நேரம். நாலாவதாக ஒரு குரல்.

"நான் இலங்கைத்துறையில இருந்து வாறன். பெயர் குணேஸ்வரி. இப்ப பாலம் நிக்கிற இடத்திலதான், 2007 மார்ச் ஒன்பதாம் திகதி, பாதைக்கு நிண்ட என்ட மனிசன் தர்சனைக் கொண்டுபோனவங்கள். பாம்பு கடிச்ச பிள்ளையெண்டு சொன்னீங்கள், அது என்ட மகள். பாலம் நல்ல பாலம். இல்லையெண்டு சொல்லேல்ல. நான் கேக்கிறது ஒண்டுதான். அந்தக் கொங்கிறீற் இறுகிறதுக்கு என்ட மனிசன் இல்லாமப் போகவேண்டி இருந்ததா? அவரும் இருந்திருந்தா பாலம் விழுந்திருக்குமா?"

 நடுவர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "இதற்கு என்னிடம் பதில் இல்லை" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"கேள்வி கேட்ட அம்மாவின் துயரத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் வரலாறு நல்லதையும் கெட்டதையும் ஒரே கையால்தான் தருகிறது. நல்லதை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தக் கையைத் தட்டிவிட யாராலும் முடியாது" என்றேன்.

மறுபடியும் கைதட்டு. உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. கேள்வி கேட்ட அம்மா. என் அண்ணனின் மனைவியை, என்னைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய உங்களை, ஆயிரம் பேர் முன்னால் "கேள்வி கேட்ட அம்மா" என்று சொன்னேன்.

இறங்கி ஓடி வந்தேன். வாசலில் நீங்கள் இல்லை. பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன், மூதூர் பஸ் போய்விட்டிருந்தது. இனி நீங்கள் எழுதாவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நிரோ

*

இலங்கைத்துறை
23.07.2025

நிரோ,

முதலில் அந்தத் துண்டை எடு. கோப்பையை அலுமாரியில், எல்லோரும் பார்க்கிற தட்டில் வை.

நான் கோபித்துக்கொண்டு எழும்பிப் போகவில்லை. ஏன் போனேன் என்று சொல்கிறேன்.

நீ பாம்பு கடித்த கதையைச் சொல்லி முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் என் கையைப் பார்த்தேன். நீ அவ்வளவு திறமாகப் பேசினாய். அந்தக் கையை இறக்குவதற்குத்தான் எழும்பினேன். இல்லாவிட்டால் எனக்கு மைக் பிடிக்கிற துணிவு ஏது?

"அம்மா" என்றதற்கு நீ அழாதே. பஸ்ஸில் நினைத்து நினைத்துச் சிரித்தேன். நீ எனக்குப் பதில் சொன்னாய், நிரோ. அதைப் பார். பதினெட்டு வருடமாக எந்தக் கந்தோரிலும் எவனும் எனக்குப் பதில் சொன்னதில்லை. "அறியத் தருவோம்" என்பது பதிலா? நீதான் முகத்துக்கு நேரே சொன்னாய். சொன்னபடியால்தான் அது எங்கே பிழை என்று எனக்குத் தெரிந்தது. ஒரே கை என்றாயே. இல்லை. பாலத்தைக் கட்டிய கைகளை நான் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படுத்திருந்தார்கள். அனுராதபுரத்திலிருந்து வந்த பொடியங்கள், கிண்ணியாவிலிருந்து வந்த மேசன்மார், எங்கள் ஊர் ஆட்கள். கம்பி கட்டிக் கட்டி விரல் வெடித்திருந்தது. அவர்களுக்கு மீன் குழம்பு காய்ச்சிக் கொடுத்தவள் நான். உன் அண்ணனைக் கொண்டுபோனது அந்தக் கைகள் இல்லை. அது வேறு கை. அந்தக் கைக்காரன் பாலத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டான், அவ்வளவுதான். அடுத்த முறை றஹ்மான் சேரின் அணியில் நான் பேசுகிறேன், உன்னை வெல்லாமல் விட மாட்டேன்.

இப்போது மற்றதைக் கேள்.

நான் கதிரைக்குத் திரும்பி வந்ததும் பின் வரிசையிலிருந்து ஒருவர் குனிந்து, "தங்கச்சி, வெளிய ஒருக்கா வாங்க" என்றார். ஐம்பது வயதிருக்கும். மூதூர் ஆள். பெயர் சஜீத். நெல் வியாபாரம். மண்டப வாசலில் நின்று தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். பிறகு, "நான் அண்டைக்கு அந்த வரிசையில நிண்டனான்" என்றார்.

நான் நம்பவில்லை. எத்தனை பேர் வந்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். "அவர் கையில என்ன வச்சிருந்தவர்?" என்று கேட்டேன்.

"சைக்கிள் கரியரில படகு எஞ்சின்ட விசிறி. சிவப்புத் துவாயால சுத்திக் கட்டியிருந்தவர்" என்றார்.

நிரோ, அந்தச் சிவப்புத் துவாயை நான் எந்த முறைப்பாட்டிலும் சொன்னதில்லை. காலையில் கட்டிக் கொடுத்தது நான்.

இரண்டு பேர் வந்ததைப் பார்த்திருக்கிறார். ஒருவனுடைய முகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது என்கிறார். பிறகும் ஒருதரம் அவனைக் கண்டிருக்கிறாராம், எங்கே என்றும் தெரியுமாம். அவர்கள் போன திசை தெரியும். "ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்ல?" என்று கேட்டேன். அடித்துக் கேட்டது போலத்தான் கேட்டேன்.

"முதல்ல பயம். பிறகு பாலம் வந்திட்டுது. சனம் நல்லா இருக்கு, யாவாரம் நல்லா இருக்கு, பழசை ஏன் கிளறுவான் எண்டு என்னை நானே சமாளிச்சுக்கொண்டன். ஒவ்வொரு தரம் பாலத்தில போகேக்கயும் சமாளிப்பன். நீங்க அந்தக் கேள்வியைக் கேட்டாப் பிறகு ஏலாமப் போச்சு" என்றார்.

அதனால்தான் தீர்ப்பு வரை நிற்கவில்லை. அவர் மனம் மாற முதல் வீட்டு விலாசத்தைப் பார்த்து வைக்க வேண்டும் என்று அவரோடேயே மூதூர் பஸ்ஸில் ஏறினேன். அவருடைய மனைவி தேத்தண்ணீர் தந்தாள். இரண்டு பிள்ளைகளும் சுற்றி இருக்க, முழுதையும் மூன்று தரம் சொல்லவைத்தேன். மூன்று தரமும் ஒன்றாகவே இருந்தது.

வருகிற செவ்வாய்க்கிழமை, நான் முறைப்பாடு கொடுத்த திருகோணமலைக் கந்தோரில் வந்து சாட்சி சொல்கிறேன் என்றிருக்கிறார். பெயர் போட்டு, கையெழுத்து வைத்து. லீவு எடு. ஒன்பது மணிக்கு நானும் யதுர்ஷாவும் சஜீத்தும் உன் வீட்டுக்கு வருவோம். அவர்கள் எங்களை வெளியே இருத்திவிட்டு "அறியத் தருவோம்" என்று சொன்னால், பேச வேண்டியது நீ. சனிக்கிழமை பேசியதுபோலப் பேசு.

இன்னுமொன்று இருக்கிறது. யதுர்ஷாவிடம் சொன்னேன், அவள் ஓடிப்போய்க் கடற்கரையில் நின்றுவிட்டு வந்தாள். உனக்கும் சொல்ல வேண்டும். கூப்பிட்டதும் உன் அண்ணன் சைக்கிளை சஜீத்தின் கையில் கொடுத்து, அண்ணன் முறை சொல்லி, "நானா, என்ட இடத்தை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க, இப்ப வாறன்" என்றாராம்.

சஜீத் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பின்னால் நின்றவர்களை முன்னால் விட்டு, இரண்டு படகு போகவிட்டு நின்றாராம்.

பதினெட்டு வருடத்தில் அவரைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் செய்தி இது, நிரோ. செவ்வாய் வரை எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை.

குணேஸ் மச்சாள்